சாப்பிட்டிட்டுத்தானே போடுறன்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு மருந்தாளர். யாழ்ப்பாணத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் குளிசை எண்ணிக் கொடுத்து வருகிறேன். முழங்கால் நோ, நாரி நோ என்று தினமும் நோக் குளிசை போடுகிறவர்களோடுதான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

அவர்களிடம் வயிறு கவனம் என்று சொன்னால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். "நான் சாப்பிட்டிட்டுத்தானே போடுறன், ஒண்டும் செய்யாது." என்னுடைய அம்மாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து நட்டுப் பிடுங்கித் தேய்ந்த முழங்கால். இருதயத்துக்காகக் கிளினிக்கில் கொடுத்த 75 மில்லிகிராம் அஸ்பிரின் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு நடந்து போய் வந்து கால் வீங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா தன்னிடமிருந்த டைக்குளோபெனாக் குளிசையில் இரண்டைக் கொடுத்திருக்கிறார். நோ பறந்துவிட்டது. பிறகு அந்தக் கடதாசி உறையையே கடையில் காட்டிக் காட்டி வாங்கி, காலையும் மாலையும் ஒன்றாக நாலு மாதம் போட்டிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லுகிற நான் வீட்டில் கேட்காமல் விட்டது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

ஒரு நாள் விடிய, கிணற்றடியில் தலை சுற்றி அப்படியே இருந்துவிட்டார். முகம் வெளிறி, கையெல்லாம் குளிர்ந்து கிடந்தது. துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்: "மூண்டு நாளா வெளிக்குக் கறுப்பாப் போகுது தம்பி. முருங்கையிலை திண்டதாலயாக்கும்." அது கீரை அல்ல. மலம் றோட்டுக்குப் போடுகிற தார் மாதிரிக் கறுத்து, ஒட்டுகிற பதத்தில், வழமையில்லாத நாற்றத்தோடு போனால் அது வயிற்றில் கசிந்து செமித்த இரத்தம். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றி, கமரா விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் புண். அந்த நாலு மாதத்தில் வயிறு நோகுது என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

நேயர்களே, எரிவு இல்லை, அதனால் புண் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இந்தக் குளிசைப் புண் பல பேருக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, நோ காட்டாமலே வரும். முதல் அறிகுறியே இரத்தப் போக்காக இருக்கலாம்.

சாப்பாடு ஏன் காப்பாற்றவில்லை? குளிசை இரைப்பையில் விழுந்து சுடுவதுதான் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். அது சின்னப் பங்குதான். எங்கள் உடம்பில் புரொஸ்டாகிளாண்டின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. மூட்டில் வீக்கத்தையும் நோவையும் கூட்டுவது அது. ஆனால் இரைப்பைச் சுவருக்கு வழுவழுப்பான பூச்சும் நல்ல இரத்த ஓட்டமும் கொடுத்து, அமிலத்திலிருந்து காப்பதும் அதுதான். அஸ்பிரின் போன்ற மருந்துகள் இந்தப் பொருளை உண்டாகவிடாமல் தடுக்கின்றன என்று 1971இல் பிரித்தானிய மருந்தியலாளர் ஜோன் வேன் கண்டுபிடித்தார். 1982இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஆக, மூட்டில் நோவை அடக்கும் மருந்து இரத்தத்தோடு போய் இரைப்பையின் காவலையும் எடுத்துவிடுகிறது. ஊசியாகப் போட்டாலும், பின்வழியாக வைத்தாலும் இதே கதைதான். புட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிவு கொஞ்சம் குறையலாம். காவல் திரும்பி வராது.

டைக்குளோபெனாக், இபுபுரோபன், நப்ரொக்சன், மெபனமிக் அசிட், இந்தோமெதசின் எல்லாம் இந்தக் குடும்பம். இதே குடும்பத்துச் செலிகொக்சிப் வயிற்றுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டும், ஆனால் இருதய நோயாளருக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். பனடோல், அதாவது பரசிற்றமோல், இந்தக் கூட்டத்தில் சேராது.

கால் சுளுக்கிய இளம் பொடியன் மூன்று நாள் போடுவதற்கு இவ்வளவு பயம் தேவையில்லை. 65 வயது தாண்டியவர்கள், முன்பு புண் வந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின், குளோபிடோகிரல், வோபரின் எடுப்பவர்கள், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரோயிட் குளிசை எடுப்பவர்கள், இவர்கள்தான் அவதானம். இரண்டு நோக் குளிசையைச் சேர்த்துப் போடுவதும் ஆபத்து. ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு அட்டையில் வந்து, இரண்டையும் போடுகிறவர்களை நான் அடிக்கடி காண்கிறேன்.

நோக் குளிசை தினமும் வேண்டும் என்று வைத்தியர் சொன்னால், "வயித்துக் காவலுக்கு என்ன தாறீங்கள் டொக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலும் அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்பிரசோல் தருவார்கள். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு போடவேண்டும். சாப்பாடு வரும்போதுதான் இரைப்பையில் அமிலம் சுரக்கிற பம்புகள் வேலை தொடங்கும், அதற்கு முன் மருந்து அங்கே போய் நிற்கவேண்டும். எரிவு வந்தால் மட்டும் போடுவது காவல் ஆகாது. நோக் குளிசை நடக்கும் நாளெல்லாம் இதுவும் நடக்கவேண்டும். கடையில் வாங்கும் வெள்ளைப் பாணி மருந்து எரிவை ஆற்றும், புண்ணைத் தடுக்காது. முன்பு புண் வந்திருந்தால், ஹெலிகொபக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அதை மருந்தால் ஒழிக்கலாம்.

இருதயத்துக்கு எழுதிய அஸ்பிரினை மட்டும் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை வைத்தியர்தான் தீர்மானிக்கவேண்டும். இன்னொன்று, மழைக்காலம் வந்தால் இங்கே டெங்கும் வரும். காய்ச்சலுக்கு இந்தக் குடும்பத்துக் குளிசை எதையும் போடவேண்டாம், பனடோல் மட்டும், அதுவும் அளவோடு.

கறுப்பாகப் போனாலோ, கோப்பித் தூள் மாதிரிச் சத்தி எடுத்தாலோ விடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்துக் குளிசையாலும் கறுப்பாகப் போகும், உண்மைதான். அதை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.

அம்மாவுக்கு இப்போது டைக்குளோபெனாக் குளிசை இல்லை. முழங்காலுக்குப் பூசுகிற ஜெல், கூட நொந்தால் பனடோல். அஸ்பிரின் தொடர்கிறது. விடிய ஆறரைக்கு ஒமெப்பிரசோலைப் போட்டுவிட்டு, தேத்தண்ணிக்கு ஏழு மணி அடிக்கும்வரை மணிக்கூட்டைப் பார்த்தபடி திண்ணையில் இருப்பார்.