வாலை மட்டும் காட்டிய மீன்

வணக்கம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற ஆள் என்று சிலரைச் சொல்வோம் இல்லையா? அந்த வழக்குக்குச் சொந்தக்காரர் விலாங்கு மீன். ஊருக்கு நடுவே ஓடும் ஒரு சின்ன ஆற்றில் அவரைத் தேடி நான் அலைந்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

சின்ன ஆறு என்றால் நிஜமாகவே சின்னது. இரண்டு பக்கமும் சிமென்ட் சுவர், தெருவுக்கு ஒரு பாலம், நாலு எட்டு வைத்தால் ஒரு கழிவுநீர்க் குழாய். பாலத்திலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள், "இதில் எங்கே மீன் இருக்கப்போகிறது?" என்று நகர்ந்துவிடுவார்கள். நானும் பல வருடம் அந்தக் கட்சிதான். லண்டனின் தேம்ஸ் ஆற்றையே 1957-இல் உயிரற்றது என்று எழுதிவைத்தார்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தொடங்கிய பிறகு அதன் முகத்துவாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மீன் இனங்கள் பதிவாகின.

என்னை ஆற்றில் இறக்கியது ஒரு லிட்டர் தண்ணீர். தெரிந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அதை மொண்டு எடுத்துப்போய் வடிகட்டிப் பரிசோதித்தார். மீனின் மேல் வழவழப்பு, உதிர்ந்த செதில், எச்சம் எல்லாவற்றிலும் அதன் டி.என்.ஏ. இருக்கும், தண்ணீரில் சில நாள் தாங்கும். மீனைப் பார்க்காமலே அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். பட்டியலில் விலாங்கு இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் நிதானமாக, "ஏதாவது வீட்டுச் சமையலறையில் மீன் கழுவிய தண்ணீராகவும் இருக்கலாம் சார்" என்றார். நகரத்து ஆற்றில் இது ஒரு தொல்லை. சாக்கடை வழியாக வருகிற சாட்சியை நம்ப முடியாது. சரி, கண்ணால் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

முதல் மாதம் நான் பார்த்ததெல்லாம் என் முகத்தைத்தான். நீரின் மேல் பளபளப்பு கண்ணை மறைத்துவிடும். போலராய்ட் கண்ணாடி போட்டதும் அந்தப் பளபளப்பு பெரும்பாலும் அடங்கியது, அடித்தரை தெரிந்தது. ஆனால் நான் மீனைப் பார்க்கும் முன்பே அது என்னைப் பார்த்துவிடுகிறது. தண்ணீருக்குள் இருப்பவருக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டச் சன்னலுக்குள் அடங்கிவிடும். வானம், மரம், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கும் நாம், எல்லாம் ஏறக்குறைய 97 டிகிரிக்குள். கரையில் நிமிர்ந்து நின்றால் அந்தச் சன்னலில் நாம் நன்றாகத் தெரிவோம். தள்ளிக் குந்தி உட்கார்ந்தால் அதன் ஓரத்தில் ஒரு கோடாக நசுங்கிப்போவோம். அன்றிலிருந்து குந்தினேன். முழங்கால் இன்னும் அதற்குக் கணக்குக் கேட்கிறது.

இன்னொன்று. கரையில் பேசலாம். காற்றில் கிளம்பும் ஒலி மிகப் பெரும்பாலும் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். காலடி அதிர்வு அப்படியல்ல, மண் வழியே இறங்கித் தண்ணீருக்குள் போய்விடும். மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோடு நீரில் எழும் சிறு அசைவையும் உணரும். ஆகவே வாயாடி நண்பரைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். தொப்புத் தொப்பென்று நடப்பவர் வேண்டாம்.

ஒரு நாள் விடியலில் ஏகப்பட்ட வாய்கள் நீர்மட்டத்தில் திறந்து மூடின. மீன் விளையாடுகிறது என்று பூரித்துப்போனேன். அப்புறம்தான் தெரிந்தது, அவற்றுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. பாசியும் நீர்ச்செடியும் பகலில் ஆக்சிஜனைத் தரும். இரவில் அவையும் சேர்ந்து சுவாசிக்கும். கழிவும் கலந்திருந்தால் சூரியன் வருவதற்குச் சற்று முன்னால் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு அவ்வளவு மீனை ஒரே இடத்தில் பார்த்தும் சந்தோஷப்பட முடியவில்லை.

விலாங்கு மட்டும் அந்தக் கூட்டத்திலும் இல்லை. அது பகலில் கல்லிடுக்கில் கிடந்து இருட்டில் வெளியே வரும் பிராணி. ஈரமான தோல் வழியாகவும் கொஞ்சம் சுவாசித்துக்கொள்ளும். கடலில் பிறந்து, நூல்போல ஆற்றில் ஏறி, பல வருடம் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பிச் சாகும். அது எப்படிப் பிறக்கிறது என்று தெரியாமல், சேற்றிலிருந்து தானாக முளைக்கிறது என்றார் அரிஸ்டாட்டில். ஜப்பானிய விலாங்கின் முட்டைகளை நடுக்கடலில், மரியானா தீவுகளுக்கு மேற்கே, கண்ணால் கண்டதே 2009-இல்தான். அவ்வளவு பெரிய கடலில் முட்டையைத் தேடியவர்கள் இருக்கும்போது, இரண்டு தெரு நீளமுள்ள ஆற்றில் சலித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

கடலிலிருந்து வருகிறது என்றால் வழியில் அதை நிறுத்துவது எது? தடுப்பணை. குட்டிகள் ஈரப்பாசி படிந்த சுவரைப் பற்றி ஏறிவிடும். வளர்ந்தவை அடியிலேயே தங்கிவிடலாம். ஆகவே தடுப்பணைக்குக் கீழே, மழை விட்ட ஓர் இரவில், நண்பரோடு உட்கார்ந்தேன். தனியாக இரவில் ஆற்றங்கரைக்குப் போகாதீர்கள். டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றியிருந்தோம், சிவப்பு வெளிச்சத்துக்கு விலாங்கு அவ்வளவாக மிரளாது. இரண்டு மணி நேரம் கொசுக்கள் மட்டும் எங்களை விசாரித்தன. பிறகு சுவரடியில் கறுப்பாக ஒன்று வளைந்தது. கட்டைவிரல் பருமன் இருக்கும். நான் மூச்சை இழுப்பதற்குள் தலை கல்லுக்குள் போய்விட்டது.

மறுநாள் மாணவரிடம் சொன்னேன். "தண்ணீர்ப்பாம்பாக இருக்கும் சார். தலையைப் பார்த்தீர்களா?" என்றார்.

"தலையைப் பார்க்கவில்லை. வாலைத்தான் பார்த்தேன். முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலோடு ஒன்றாகச் சேர்ந்து, நாடாபோலப் பட்டையாக இருந்தது. பாம்புக்கு வால் கூம்பித்தான் முடியும்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அது உங்களை மீன் கணக்கில் சேர்த்துவிட்டது சார்" என்றார்.

வணக்கம்.