மாமா வாங்கித் தரும் வேலை

(நாகர்கோவிலில் இறுதியாண்டு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

"மாமா ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். சர்டிபிகேட்டை அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அந்த வேலையை ஏற்பது சரியா?" உங்களில் ஒருவர் எழுதிக் கொடுத்த கேள்வி இது. வேலை கிடைத்ததும் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்பவர்களே அதிகம். நின்று கேட்ட இந்தப் பிள்ளையை நான் மதிக்கிறேன்.

நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு கிடந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அரசுப் பதவிகளில் வெளியூர்க்காரர்களே நிறைந்திருக்கிறார்கள், மண்ணின் மக்களுக்கு இடம் வேண்டும் என்று 1891-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மன்னருக்கு மனு கொடுத்தார்கள். மலையாளி மெமோரியல் என்பார்கள். ஒடுக்கப்பட்ட ஈழவர் சாதியைச் சேர்ந்த டாக்டர் பல்புவும் அதில் கையெழுத்திட்டார். சென்னையில் மருத்துவம் படித்தவர். சாதியால் சொந்த சமஸ்தானத்தில் வேலை மறுக்கப்பட்டு மைசூர் அரசில் பணிக்குப் போனவர். மனுவின் பலன் பெரும்பாலும் நாயர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஈழவர்கள் வெளியேதான் நின்றார்கள். 1896-இல் பல்பு 13,176 பேரின் கையெழுத்தோடு தனியாக இன்னொரு மனு கொடுக்க வேண்டியிருந்தது. ஐந்தே வருடம்! சேர்ந்து கேட்டவர்களில் முதலில் உள்ளே போனவர்கள் மற்றவர்களுக்காகத் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை நாயர்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நம்மைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். மார்பை மறைக்கும் தோள்சீலை அணியும் உரிமைக்கு 1859 வரை போராடிய பெண்களின் வழிவந்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர். அந்தப் பாட்டிமார் பட்ட அவமானம் உண்மை. இன்று நம் வீடுகள் பலவற்றில் இரண்டு தலைமுறை ஆசிரியர்கள், ரப்பர் தோட்டம், வளைகுடாப் பணம், நிர்வாகத்தில் தெரிந்த ஆள் என்று எல்லாம் இருப்பதும் உண்மை. பாட்டியின் கண்ணீரைக் காட்டிப் பேரனின் வசதியை மறைக்கக் கூடாது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்றோம். அதே மாவட்டத்தில்தான் பேச்சிப்பாறை அணைநீரைப் படகில் கடந்து வருகிற காணிக்காரப் பழங்குடிப் பிள்ளையும் இருக்கிறது. ஒக்கிப் புயலில் அப்பாவைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளையும் இருக்கிறது. அவர்களுக்கு எந்த மாமா இருக்கிறார்?

இடஒதுக்கீட்டில் வருகிற இடத்தை இதோடு குழப்பாதீர்கள். அது உரிமை; தலைநிமிர்ந்து வாங்குங்கள். எல்லாருக்கும் தெரிய அறிவித்து, போட்டி வைத்துக் கிடைத்த வேலைக்கும் கூச்சம் வேண்டாம்.

மாமா தருகிற வேலைதான் சிக்கல். அவரிடம் கேளுங்கள்: "இந்த இடம் காலியாக இருப்பது வேறு யாருக்காவது தெரியுமா, மாமா?" தெரியாதென்றால், முதலில் அறிவிக்கச் சொல்லுங்கள், மற்றவர்களோடு நீங்களும் விண்ணப்பியுங்கள், உங்களைத் தேர்ந்தெடுக்கும் அறையில் அவர் உட்காரக் கூடாது. முடியாது என்று சொன்னால், மறுத்துவிட்டு ஆறு மாதம் வேறு வேலை தேட வசதியுள்ளவர் மறுக்கத்தான் வேண்டும். அப்பா கடனில், தங்கை படிப்பில் என்றிருக்கிற பிள்ளையிடம் அந்தத் தியாகத்தைக் கேட்க எனக்கு உரிமையில்லை.

ஒரு வகை வேலையை மட்டும் தயங்காமல் விட்டுக்கொடுக்கச் சொல்வேன். மீன் விற்கும் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊரில் பிறந்து, உங்களோடு ஒரே பட்டம் வாங்கிய தோழி இருக்கிறாள். உங்களுக்கு ஆங்கிலம் சரளம் என்று உங்களைத் தலைமைக்குக் கூப்பிடுகிறார்கள். அவள் பெயரைச் சொல்லுங்கள். இடமிருந்தால் அவளுக்குக் கீழே வேலை பாருங்கள்.

"நான் விட்டால் இன்னொருவரின் மருமகன்தானே வருவான்?" என்று கேட்பீர்கள். பல இடங்களில் அதுதான் நடக்கும். மறுத்த நாற்காலி தானாக ஏழைப் பிள்ளைக்குப் போய்விடாது. அதனால் உள்ளே போகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் ஓர் இடம் காலியானால் அந்தச் செய்தி குளச்சலுக்கும் முட்டத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். பத்து வருடத்தில் நீங்களே நேர்முகத் தேர்வு நடத்தும் இடத்தில் இருப்பீர்கள். எதிரே ஒரு பிள்ளை கடற்புரத்துப் பேச்சில் பதில் சொல்லும். பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார். அப்போது அவரை நிறுத்தி, அந்தப் பதில் சரியா என்று கேளுங்கள்.