கூரையில் பனி, பானெட்டில் சூடு

நேயர்களுக்கு வணக்கம்.

மேலப்பாளையம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் எங்கள் தாத்தா விடியும் முன்பே போய் நின்றுவிடுவார். உப்பும் தவிடும் கலந்து வயிறு முட்டத் தண்ணீர் காட்டிவிட்டால் எலும்பு துருத்திய மாட்டுக்கும் ஒரு லட்சணம் வந்துவிடும். அதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. பல்லைப் பிடித்துப் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான்.

வண்ணார்பேட்டையில் முப்பது வருஷமாக இன்ஜின் பிரித்து மாட்டுகிற எனக்கும் அதே கணக்குதான். பழைய காரை இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது பாருங்கள். நம் பிள்ளைகள் இப்போது தேடி அலைகிற வேகக் கார்கள் இருக்கின்றனவே, போலோ ஜிடி, ஆக்டேவியா விஆர்எஸ் என்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போ வைத்தவை, அவற்றைக் கட்டாயம் அப்படித்தான் பார்க்க வேண்டும். 2017இல் வந்த விஆர்எஸ் 230 குதிரைத்திறன் உள்ளது. அதை வாங்கினவர் நாங்குநேரி நாலுவழிச் சாலையில் அறுபதிலேயா உருட்டியிருப்பார்?

ஏன் ஆறின இன்ஜின்? தேய்ந்த பிஸ்டனும் சூடேறினால் விரிந்து இடைவெளியைக் கொஞ்சம் அடைத்துக்கொள்ளும், சத்தம் அடங்கிப்போகும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், வால்வு வழியாக ஆயில் கசியாமல் தடுக்கிற சீல் போயிருந்தால், ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிக் கிடக்கும். காலையில் சாவி போட்டதும் நீலப்புகையாகப் பின்னால் வரும். ஒருமுறை ஓட்டி நிறுத்திய வண்டியில் இதெல்லாம் தெரியாது.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி. அம்பாசமுத்திரத்துச் சிநேகிதர் மகன், வள்ளியூரில் சிவப்பு நிறத்தில் ஒரு டர்போ வண்டி வந்திருக்கிறது, பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டான். விற்கிறவர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நாங்கள் ஆறரைக்கே போய்விட்டோம். வண்டி வாசலில் நிற்கிறது. கூரை முழுக்கப் பனித்துளி, கண்ணாடியெல்லாம் பனி. பானெட் மட்டும் காய்ந்து பளபளவென்று இருக்கிறது! கையை வைத்தால் இட்லிச் சட்டி மூடி மாதிரி சூடு.

"என்ன தம்பி, ராத்திரி எங்கேயும் போயிட்டு வந்தீயளா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி, நீங்க வருவீயன்னுதான் ஒரு பத்து நிமிஷம் ஓட விட்டேன்" என்றார். பத்து மணிக்கு வரப்போகிறவனுக்கு ஆறரைக்கே!

நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பி, பதினொன்றரை வரைக்கும் வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். பையனுக்குப் பொறுமையே இல்லை. அவனுக்கு அந்தச் சிவப்பு கண்ணிலேயே நிற்கிறது. திரும்பிப் போய் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். நீலமாக ஒரு குப்பென்ற புகை. விற்கிறவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றினால் குக்கர் மாதிரி குப்குப் என்று அடிக்கிறது. சிலிண்டருக்குள் நிற்க வேண்டிய அழுத்தம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிந்து இப்படி வருவதைத்தான் எங்கள் தொழிலில் பேக் கம்ப்ரஷன் என்போம். அப்புறம் பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் வைத்தேன். நாலு சிலிண்டரில் மூன்று 165, 170 பிஎஸ்ஐ என்று காட்டுகிறது, மூன்றாம் நம்பர் சிலிண்டர் மட்டும் 110. பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே யோசிக்க வேண்டும். அந்த ஓட்டைக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டுத் திரும்ப வைத்தேன், 150க்கு ஏறிவிட்டது. அப்படி ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்மானம். ஏறாமலே நின்றால் பெரும்பாலும் வால்வில் கோளாறு.

பையன் வாங்கினானா என்று கேட்பீர்கள். வாங்கினான்! ரிங் வேலைக்கும், வால்வெல்லாம் இருக்கிற மேல்பகுதியான ஹெட் வேலைக்கும் ஆகிற காசை விலையில் கழித்துக்கொண்டு வாங்கினான். இன்றைக்கும் ஓடுகிறது. மேலப்பாளையத்தில் தாத்தாவும் நோஞ்சான் மாடு வாங்கியிருக்கிறார்தான், நோஞ்சான் விலைக்கு.

சரி, புகைக்கு வருகிறேன். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அது பெரும்பாலும் சின்னச் செலவில் முடியும். குளிர்ந்த காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து நின்றுபோனால் பயமில்லை. சூடேறின பிறகும் வெள்ளையாகவே வந்து, தித்திப்பு வாசனையும் அடித்தால், இன்ஜினை ஆற்றுகிற கூலன்ட் உள்ளே போகிறது, ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது சத்தம். வானொலியில் பேசுவதில் ஒரு வசதி, இதைத் தட்டியே காட்டலாம். இப்போது நகத்தால் மேஜையைத் தட்டுகிறேன், கேட்கிறதா, டிக் டிக் டிக். இது மேலேயிருந்து வந்தால் வால்வுப் பக்கம், ஸ்டார்ட் பண்ணின சில நொடியில் நின்றால் விட்டுவிடலாம். இப்போது விரலை மடக்கி முட்டியால் தட்டுகிறேன், டொக் டொக் டொக். அடியிலிருந்து இப்படி வந்து, ரேஸ் பண்ணப் பண்ணக் கூடினால் பேரிங் போயிருக்கிறது. அந்த வண்டியை நான் தொடமாட்டேன். திரும்பவும் சொல்கிறேன், டிக் என்றால் பேசலாம், டொக் என்றால் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

டர்போவைப் பற்றித் தனியாகச் சொல்ல நினைத்திருந்தேன். அது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான், ஆயில்தான் அதற்கு உயிர். ஆகவே ஆயில் மாற்றின பில்களைக் கேட்டு வாங்கி...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். சீக்கிரம் முடிக்கிறேன். வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கிற டைமிங் பெல்ட் உள்ள வண்டியாக இருந்து, பெல்ட் மாற்றின பில் இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பழைய கோளாறுக் குறியீடுகளைச் சமீபத்தில் அழித்திருந்தால், சுயசோதனை இன்னும் முடியவில்லை என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறந்துவிடாதீர்கள், முகத்தில் அடிக்கும். வணக்கம்.