“1985 பூஅர்” 3,500 வெள்ளியாம்! உறையை வெளிச்சத்தில் பிடித்தேன், தெரிந்துவிட்டது

வணக்கம் மக்களே. இந்த வாரம் லியூபாவ் (இன்னொரு வகைச் சீனத் தேயிலை) கூடையைப் பிரிக்கும் வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது, மன்னிக்கவும். சனிக்கிழமை இங்கே கோலாலம்பூரில் ஒரு கடையில் நடந்ததைச் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும். என் நண்பர் ஒருவர், பூஅர் (வருடக்கணக்கில் முதிரவைக்கும் சீனத் தேயிலை) குடிக்க ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது, அந்தத் தேயிலையை வட்டமாக அழுத்திய ஒரு கேக்குக்கு 500 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டு அப்புறம் எனக்கு போன் செய்கிறார். கேக்கின் விலை 3,500 வெள்ளி. 1985-இல் செய்த 7542 என்ற கலவை என்று தவுக்கே, அதாவது கடைக்காரர், சொன்னாராம். நான் முதலில் கேட்டது, “1985 என்று எங்கே எழுதியிருக்கிறது?” எங்கேயும் இல்லை. வாயால் சொன்னதுதான்.

சரி, போனேன். போனதும் தவுக்கே எனக்கு விளக்குகிறார், 75 என்றால் 1975-இல் பிறந்த தேயிலை, பத்து வருடம் வைத்திருந்து 1985-இல் அழுத்தினார்கள் என்று. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இந்தச் சேனலை ஆரம்பத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரியும், இருந்தாலும் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 7542-இல் முதல் இரண்டு எண் அந்தக் கலவையை உருவாக்கிய வருடம், 1975. மூன்றாவது எண் இலையின் தரம். கடைசி எண் தொழிற்சாலை: 1 குன்மிங், 2 மெங்ஹாய், 3 சியாகுவான். அவ்வளவுதான். 7542 இன்றைக்கும் செய்கிறார்கள், இன்றைக்குச் செய்வதிலும் அதே நான்கு எண்தான் இருக்கும். அதை வைத்துக் கேக்கின் வயதைச் சொல்லவே முடியாது.

வயது வேண்டுமென்றால் 2000களில் வந்த மெங்ஹாய் கேக்குகளில் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும், 501 என்பது மாதிரி. அதில் 5 என்றால் 2005, 01 என்றால் அந்த வருடத்தின் முதல் தொகுதி. பிற்பாடு இதையே நான்கு எண்ணாக்கி 1801 என்று போட்டார்கள், 2018-இன் முதல் தொகுதி. நண்பர் பார்த்த கேக்கில் இந்த எண் இல்லை. இல்லாததாலேயே அது பழையது என்று தவுக்கே வாதம் செய்தார்.

இப்போது திரையில் ஒரு படம் போடுகிறேன், இதை நிறுத்திவைத்துப் பாருங்கள். உறையின் பின்பக்கம், கீழ் ஓரம். அங்கே ஒரு சின்ன இடம் மட்டும் சொரசொரப்பாக இருக்கிறது, விரலால் தடவினாலே தெரிகிறது, காகிதம் அங்கே மட்டும் மெலிந்து பஞ்சு பஞ்சாக எழும்பியிருக்கிறது. போன் டார்ச்சைப் பின்னால் வைத்தேன். எதையோ சுரண்டி எடுத்த தடம்! நீல நிறத்தில் ஒரு வளைவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. க்யூஎஸ் முத்திரை. சீனாவில் உணவுப் பொருள்களுக்குக் கொடுத்த தரப் பாதுகாப்பு முத்திரை அது, தேயிலை உறைகளில் 2000களின் நடுப்பகுதியில்தான் வர ஆரம்பித்தது. 2015 அக்டோபரிலிருந்து அதற்குப் பதிலாக எஸ்சி என்ற உற்பத்தி உரிம எண் வந்தது, 2018-க்குள் க்யூஎஸ் முழுக்க நின்றுபோனது. அப்படியென்றால் இந்த உறை ஏறக்குறைய எந்தப் பத்து வருடத்துக்குள் அச்சானது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த வளைவைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, நண்பர் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன், தவுக்கேயிடம் காட்டினேன், வாசலில் நின்ற இன்னொரு வாடிக்கையாளரிடமும் காட்டினேன்.

ஒன்று விட்டுவிட்டேன். அதற்கு முன்பே உறையின் நிறத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே பழைய உறையில் கறை ஒரே சீராக இருக்காது. இலை பட்ட இடம் கறுத்திருக்கும், பின்னால் குழிக்குள் சுருட்டிச் சொருகியிருக்கும் மடிப்புகளின் உள்பக்கம் வெளுப்பாகவே இருக்கும். இதைப் பிரித்தால் மடிப்புக்குள்ளேயும் அதே பழுப்பு. தேநீரில் முக்கி எடுத்துக் காயவைத்த காகிதம் இப்படித்தான் இருக்கும்.

அடுத்தது நெய்ஃபெய். கேக்குக்குள் பதிந்திருக்கும் சின்னச் சீட்டு. ஆவியில் இலையை இளக்கி அழுத்துவதற்கு முன்னால் வைப்பதால் அதன் ஓரங்களில் இலை ஏறி உட்கார்ந்திருக்கும், பிய்க்கப் போனால் காகிதம் கிழியும். இதில் சீட்டு ஒழுங்காகத்தான் பதிந்திருந்தது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதில் இருந்த சின்னம் தாயி, மெங்ஹாய் தொழிற்சாலையின் சொந்தச் சின்னம்! தாயி வணிகச் சின்னம் பதிவானதே 1989-இல், மெங்ஹாய் கேக்குகளில் அது வருவது 90களில். 1985-இல் செய்த கேக்குக்குள் அந்தச் சீட்டு எப்படிப் போகும்? அதற்கு முந்தைய மெங்ஹாய் சீட்டில் எட்டு சிவப்பு எழுத்து வட்டமாக நின்று நடுவில் பச்சையில் தேயிலைக்கான எழுத்து இருக்கும், அந்தச் சோங்ச்சா (சீன அரசுத் தேயிலை நிறுவனம்) சின்னத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்.

ஏன் எல்லாரும் 7542-ஐயே போலி செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் செய்து, ஹாங்காங்கில் ஈரம் படாமல் வைத்திருந்த 7542-க்குத்தான் 88 சிங் என்று பெயர். அதன் விலை எங்கேயோ போய்விட்டது. அந்த விலையின் நிழலில்தான் இந்த வியாபாரம் முழுவதும் நடக்கிறது.

தவுக்கே ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தார், அதை மறுக்காமல் கொடுத்தது நல்ல குணம்தான். வீட்டில் என் வழக்கமான வெள்ளை கைவானில் (மூடியுள்ள சீனக் கோப்பை) போட்டேன். நிறம் சிவந்து வந்தது. நிறத்தை நம்பாதீர்கள், இதை நான் எத்தனை வீடியோவில் சொன்னாலும் “அண்ணா கலர் சூப்பர்” என்றுதான் கமெண்ட் வருகிறது. குன்மிங் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் வறண்ட ஊர், அங்கே வைத்த தேயிலை மெதுவாகத்தான் மாறும். ஹாங்காங்கில் பழைய முறைப்படி ஈரக் கிடங்கில் வைத்தது சில வருடத்திலேயே கறுத்துவிடும். நம் ஊரில் வருடம் முழுக்க வெக்கையும் ஈரமும், இங்கேயும் வேகமாகத்தான் முதிரும். அதனால் எவ்வளவு வயது என்பதோடு எங்கே இருந்தது என்பதையும் கேட்க வேண்டும், சொல்லப்போனால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

குடித்த பிறகு இலையை எடுத்துப் பாருங்கள், எனக்கு மற்ற எல்லாச் சோதனையையும்விட இதுதான் பிடிக்கும். ஈரமில்லாத கிடங்கில் கெடாமல் வளர்ந்த ஷெங் (குவியல் போடாமல் தானாக முதிரும் பூஅர்) இலை பழுப்பாகி இருந்தாலும் விரலுக்கு நடுவே வதக்கிய கீரை போல வளைந்து கொடுக்கும். குவியலாகப் போட்டு நொதிக்கவைத்த பூஅரான ஷோ இலை கறுத்து, விரியாமல், தேய்த்தால் பொடியும். பழையதாகக் காட்ட இரண்டையும் கலப்பவர்கள் இருக்கிறார்கள், அப்போது ஒரே கைப்பிடியில் இரண்டு விதமும் கிடைக்கும். இதில் கலப்படம் இல்லை. இலை எல்லாம் ஒரே மாதிரி, வளைகிறது, லேசாகக் கிடங்கு வாசம், நாக்கில் நல்ல கசப்பு வந்து அப்புறம் இனிப்பாகத் திரும்புகிறது. மெங்ஹாய் பக்கத்து இலை என்றே சொல்வேன், யீவூ பக்கத்து இலையின் மென்மை இதில் இல்லை. 2006, 2007 வாக்கில் செய்து இங்கேயே வளர்ந்த தேயிலை என்பது என் முடிவு. ஆக, தேயிலை நல்ல தேயிலை! அந்தக் காகிதத்தைச் சுரண்டாமல், உள்ளதைச் சொல்லி நியாயமான விலைக்குக் கொடுத்திருந்தால் நானே ஒன்று வாங்கியிருப்பேன். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆங், ஷோ என்றதும் ஞாபகம் வருகிறது. அதே அலமாரியில் “1960களின் ஷோ கேக்” என்று ஒன்று இருந்தது. பூஅர் விளையும் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் அந்தக் குவியல் முறையை 1973 வாக்கில்தான் குன்மிங் தொழிற்சாலையில் உருவாக்கினார்கள். 60களில் யுன்னான் ஷோ கிடையாது. இதற்கு உறையைப் பிரிக்கவே தேவையில்லை.

முன்பணம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். முதலில் 2,000-க்கு இறங்கினார், அப்புறம் 1,200. நண்பர் 1,200-க்குத் தலையாட்டப் பார்த்தார், நான் விடவில்லை. கடைசியில் 500 வெள்ளியும் முழுசாகக் கைக்கு வந்தது, நோட்டை எண்ணி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தோம்.

இப்போது நீங்கள் எனக்கு அனுப்பும் படங்களைப் பற்றி. உறையின் முன்பக்கத்தை மட்டும் அனுப்பி வயது கேட்காதீர்கள், அது அச்சகத்தில் கிடைக்கும் சமாச்சாரம். பின்பக்கக் குழியும் மடிப்பைப் பிரித்த உள்பக்கமும், நெய்ஃபெய் கிட்டத்தில், கேக்கின் ஓரம், குடித்து முடித்த ஈர இலை வெள்ளைத் தட்டில், இந்த நான்கும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். எந்த ஊரில் எத்தனை வருடம் இருந்தது என்பதையும் எழுதுங்கள். மல்லிகைத் தேநீர் படம் அனுப்புகிறவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.