18 குழியும் ஒரு வேப்பங்கன்றும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கிளினிக்கை முடித்த கையோடு வந்திருக்கும் வைத்தியர் ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய அதிபர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மூத்தோரே, எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் தந்த கோயில் சபையாருக்கும் வரவேற்புப் பாட்டுப் பாடிய பிள்ளைகளுக்கும் என் நன்றி.

கோல்ப் ஆடினால் உடம்புக்கு என்ன நன்மை என்று பேசச் சொன்னார்கள். இதயம், சீனி வருத்தம், மனம் என்று மூன்றாகச் சொல்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

சுவீடனில் 3 லட்சம் கோல்ப் ஆட்டக்காரரை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. அதே வயதும் வசதியும் உள்ள மற்றவர்களைவிட இவர்களின் இறப்பு வீதம் 40 சதவீதம் குறைவாம். மற்ற விதத்திலும் ஒழுங்காக வாழ்பவர்களாக இருக்கலாம், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பந்தை அடித்து விழுத்தவேண்டிய 18 குழியையும் நடந்து முடிக்க ஆறேழு கிலோமீற்றர், நாலு மணித்தியாலம். அந்த நடை இதயத்துக்கு வீணாகுமா?

சீனி வருத்தத்துக்கு என் மச்சானின் கதையே போதும். மகளைப் பார்க்கக் கனடா போனார். மருமகன், "மாமா, நாளைக்கு 18 குழி, வாறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மச்சான் விடிய எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "மண்வெட்டி எங்க தம்பி?" என்றாராம். தென்னம்பிள்ளை வைக்கப் போவதாக நினைத்துவிட்டார்! போய்ப் பார்த்தால் ஒரே புல்வெளி. வண்டி இருந்தது, மருமகன் ஏறவிடவில்லை. பந்து ஒரு பக்கம் போக, இவர் மறுபக்கம் தேட, நாலு மணித்தியால நடை. முதல் கிழமை கால் வீங்கியது, ஏச்சு விழுந்தது. மூன்று மாதத்தில் சீனி இறங்கி, இடுப்புப் பட்டிக்குப் புது ஓட்டை போட்டார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று இப்போது அவர் எனக்குச் சொல்கிறார்.

சரி, திரும்பி வந்தவர் நடக்கிறாரா? இல்லை. இங்கே திருகோணமலையில், சீனன்குடாவில் விமானப்படையின் கோல்ப் மைதானம் இருக்கிறது; ஆனால் மட்டை வாங்கி ஆட எத்தனை பேரால் முடியும்? நடக்கலாமே என்றால், எங்கள் ஒழுங்கையிலிருந்து கடற்கரை வரை ஒரு மரநிழல் இல்லை. திருகோணமலை வெயிலில் அறுபது வயதுக்காரர் எப்படி நடப்பார்? நான் வருடக்கணக்காகக் கேட்பது இதைத்தான்: வீதியோரம் வேம்பும் வாகையும் வேண்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம், நிழல் இருந்தால்தான் நடை.

நேரமாகிறது, மனத்தைப் பற்றி வைத்தியர் ஐயா சொல்வார். வாசலில் வேப்பங்கன்றுகள் வைத்திருக்கிறோம். மாரி தொடங்கப் போகிறது. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, தம்பியிடம் ஒழுங்கைப் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.