மைக் எங்கே இருக்கிறது?

வணக்கம். நான் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது அல்லவா? இந்த அறையில் மைக் என் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. நான் வந்து உட்கார்ந்ததும் ஒலிப்பதிவாளர் முதலில் செய்த வேலை, அதை என் பக்கம் இழுத்து வைத்ததுதான். இன்று நான் சொல்ல வந்ததும் அதுதான்.

மணிக்கட்டு வலி வந்ததிலிருந்து நான் கீபோர்டை அதிகம் தொடுவதில்லை. கடிதம், கட்டுரை எல்லாவற்றையும் வாயால் சொல்கிறேன், கம்ப்யூட்டர் எழுதிக்கொள்கிறது. ஆனால் முதல் இரண்டு மாதம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'மழை' என்றால் 'மலை' என்று வரும். 'வலி' என்றால் 'வழி' என்று வரும். மென்பொருள்தான் சரியில்லை என்று முடிவு கட்டி, ஒன்றை விட்டு ஒன்றாக மூன்று மாற்றினேன். ஒரு நாள் ஹெட்செட் வயரில் இருக்கும் சுவிட்சைத் தட்டி மைக்கை அணைத்துவிட்டு, வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். திரையைப் பார்த்தால், பேசியதெல்லாம் எழுத்தாக ஓடுகிறது! அணைத்த மைக்குக்கு எப்படிக் கேட்கும்? இத்தனை நாளும் வேலை செய்தது மடிக்கணினியிலேயே இருக்கும் குட்டி மைக். என் வாயருகே இருந்த மைக்கை யாரும் கேட்கவே இல்லை.

அதனால் முதலில் ஒலி அமைப்புகளுக்குப் போய், உள்ளீடு என்ற இடத்தில் உங்கள் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் நகத்தால் மைக்கை மெதுவாக ஒரு தட்டு. திரையில் உள்ள அளவுக்கோடு துள்ளினால் சரியான மைக்தான். பேசும்போது அந்தக் கோடு உச்சியில் போய் முட்டக் கூடாது. முட்டினால் குரல் சிதைகிறது, அளவைக் குறையுங்கள்.

அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால், நேராக வந்து சேரும் குரலின் ஆற்றல் நான்கில் ஒன்றாகிவிடும். அறையின் எதிரொலியும் மின்விசிறி இரைச்சலும் அப்படியேதான் இருக்கும். ழகரத்துக்கும் லகரத்துக்கும் உள்ள நுண்ணிய வேறுபாடு அந்த இரைச்சலில்தான் அமுங்கிப்போகிறது. ஆகவே மைக் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் வாய்க்கு நேரே வேண்டாம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து 'அப்பப்பா' என்று சொல்லிப் பாருங்கள். காற்று வந்து மோதுகிறதா? அந்தக் காற்று மைக்கில் 'டப்' என்று விழும். வாயின் ஓரமாக, இரண்டு விரல் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று. 1990களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டரிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்தித்தான் பேச வேண்டியிருந்தது. 1997-இல் டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்தபோது, இயல்பான ஓட்டத்தில் பேசியே எழுத முடிந்தது. இன்றும் பலர் கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டுமே என்று சொல் சொல்லாக நறுக்கிப் பேசுகிறார்கள். வேண்டாம். பக்கத்துச் சொற்களை வைத்துத்தான் அது 'மழை'யா 'மலை'யா என்று தீர்மானிக்கிறது. வாக்கியத்தை மனத்தில் முடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். நிறுத்தக்குறிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாக: கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள், புள்ளியும் காற்புள்ளியும் கடைசியில் கையால் இட்டுக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.