மேடை ஏறுவதற்குக் காசு கட்டும் ஊரிலிருந்து ஒரு குழு

எல்லோருக்கும் வணக்கம். கிகாகாகு மோயோ என்ற ஜப்பானிய ராக் குழுவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இவர் வரவு செலவு சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடலாம். அது புரிந்தால்தான் இந்தக் குழு புரியும்.

டோக்கியோவில் ஷின்ஜுகு, ஷிபுயா, கோயென்ஜி பக்கமெல்லாம் 'லைவ் ஹவுஸ்' என்று சொல்லும் சிறு அரங்குகள் ஏராளம். பாதிக்கு மேல் நிலவறையில்தான் இருக்கும். டிரம்ஸ், கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப், ஒலி பார்க்கும் ஆள் எல்லாம் அங்கேயே தயார். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால் போதும். ஆனால் பெயர் தெரியாத புதுக் குழுவுக்கு அங்கே 'நோருமா' என்று ஒரு வழக்கம் காத்திருக்கும். இத்தனை டிக்கெட் விற்றுத் தருகிறோம் என்று குழு முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். விற்காத டிக்கெட்டுக்குக் குழுதான் பணம் கட்ட வேண்டும். 20 டிக்கெட், ஒன்று 2000 யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர்தான் வந்தார்கள் என்றால், அன்று இரவு வாசித்ததற்கு நீங்கள் 30,000 யென் எண்ணி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

அரங்கக்காரரையும் குறை சொல்ல முடியாது. டோக்கியோ வாடகை அப்படி. ஆனால் இந்த ஏற்பாடு இசையை என்ன செய்கிறது என்று பாருங்கள். செலவைப் பங்குபோட ஒரே இரவில் நான்கைந்து குழுக்களை ஏற்றுவார்கள். ஒரு குழுவுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் நண்பர்கள். தன் நண்பன் வாசித்து முடித்ததும் கிளம்பிவிடுவார்கள். ஒரே பாட்டை இருபது நிமிடம் வாசிக்க ஆசைப்படுகிற குழு இந்த அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

2012-ல் கோ குரோசாவா, தோமோ கட்சுராடா என்ற இரண்டு இளைஞர்கள் டோக்கியோவில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அதுதான் கிகாகாகு மோயோ. 'வடிவியல் கோலங்கள்' என்று பொருள். கோவுக்கு டிரம்ஸ், தோமோவுக்கு கிட்டார், இருவருமே பாடுவார்கள். அந்தக் கோடையில் அவர்கள் வாசித்தது தெருவில். தெருவில் நோருமா கிடையாது, அரை மணிக் கணக்கும் கிடையாது. நிற்கிறவர் நிற்பார், போகிறவர் போவார். பயிற்சியெல்லாம் இரவில். அப்படி விடிய விடிய வாசித்த ஓர் இரவில், மூடிய கண்ணுக்குள் கட்டம் கட்டமாக வடிவங்கள் தெரிந்தன என்றும், பெயர் அதிலிருந்துதான் வந்தது என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

மற்றவர்கள் வந்து சேர்ந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாஸ் கிட்டார் வாசிக்கும் கோட்சு கை அப்போது தெருவோரத் தானியங்கி விற்பனைப் பெட்டிகளின் இரைச்சலைப் பதிவு செய்துகொண்டிருந்தாராம். நம் வீட்டு ஃபிரிட்ஜ் 'உம்ம்' என்று இரைகிறதே, அந்த ஓசையில் இசை இருக்கிறது என்று நம்புகிற மனிதர். இன்னொரு கிட்டாருக்கு தாவூத் போபால். ஐந்தாவதாக வந்தவர் கோவின் சகோதரர் ர்யு குரோசாவா. அவர் கொல்கத்தாவில் பண்டிட் மணிலால் நாகிடம் சிதார் கற்றுவிட்டு ஜப்பான் திரும்பியிருந்தார்.

சிதார் என்றதும் இங்கே சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: ராகம் தேடாதீர்கள். 1965-ல் பீட்டில்ஸ் ஒரு பாட்டில் சிதாரைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு மேல்நாட்டு ராக்கில் அது பெரும்பாலும் ஊறுகாய் மாதிரிதான் ஓரமாக இருந்தது. கொஞ்சம் கிழக்கு வாசனை வேண்டுமா, ஒரு மீட்டு மீட்டு. ர்யு மின்சார சிதாரை, ஒலியை மாற்றிக் காட்டும் எஃபெக்ட் பெடல்களுக்குள் விட்டு, இரண்டு கிட்டார்களுக்கு நடுவில் மூன்றாவது கிட்டார் போலவே நிற்க வைக்கிறார். சில இடங்களில் எது சிதார், எது கிட்டார் என்றே பிரிக்க முடியாது. முறையாகக் கற்ற ஒருவர் தன் வித்தையை இவ்வளவு அடக்கி வாசிப்பதுதான் எனக்கு ஆச்சரியம். 2014-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் கல்கத்தாத் தெருக்களின் பெயரிலேயே ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். அதிலும் கச்சேரி எதுவும் கிடையாது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ஜப்பானிய ராக்குக்குப் பெரிய முன்கதை உண்டு.

1966-ல் பீட்டில்ஸ் டோக்கியோ புடோகான் அரங்கில் வாசித்தார்கள். ஏற்கெனவே மின்சார கிட்டார் மோகத்தில் இருந்த நாடு அது. அந்த நேரத்தில் 'குரூப் சவுண்ட்ஸ்' என்ற அலை பெரிதாக எழுந்தது. ஒரே மாதிரி உடை, அழகான பையன்கள், அலறும் ரசிகைகள். பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதிக் கொடுத்தவர்கள் இசைத்தட்டுக் கம்பெனிகளின் தொழில்முறைப் பாடலாசிரியர்கள். குழுக்கள் வாசித்தன, கம்பெனிகள் முடிவெடுத்தன. சில வருடங்களிலேயே அலை வடிந்துவிட்டது.

அதற்கு நேர் எதிர்க் கோடியில் கியோட்டோ தோஷிஷா பல்கலைக்கழகத்திலிருந்து 1967-ல் ஒரு குழு கிளம்பியது: லே ராலிஸ் டெனுடே. தகாஷி மிசுதானி என்பவர் தலைமை. காது கிழியும் கிட்டார் இரைச்சல், இருட்டு மேடை. ஸ்டுடியோ ஆல்பம் என்று சந்தைக்கு ஒன்றும் வராது, மேடைப் பதிவுகள் மட்டும் திருட்டு டேப்பாகக் கைமாறும். முறையாக மூன்று குறுந்தட்டுகள் வெளிவருவதற்கே 1991 ஆகிவிட்டது. அந்தக் குழுவின் முதல் பாஸ் கிட்டார் கலைஞர் 1970 மார்ச் 31 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்தி வட கொரியாவுக்குப் போன தீவிர இடதுசாரிச் செம்படைப் பிரிவுக்காரர்களில் ஒருவர்! ராக் வரலாற்றில் இப்படியும் ஒரு பக்கம். அதற்கப்புறம் மிசுதானி பொதுவெளியிலிருந்து ஒதுங்கியே வாழ்ந்தார்.

இன்னொரு கூட்டம் டாஜ்மஹால் டிராவலர்ஸ். தகேஹிசா கொசுகி தொடங்கியது. எங்கும் நில்லாமல், எதையும் முன்னாலேயே தீர்மானிக்காமல் மணிக்கணக்கில் ஓசையை மட்டும் நீட்டிக்கொண்டே போவார்கள். 1971, 72 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து வேனில் கிளம்பி, வழியெல்லாம் வாசித்துக்கொண்டே ஆக்ராவில் தாஜ்மஹால் வரை வந்து சேர்ந்தார்கள். பெயர் சும்மா வைத்துக்கொண்டதில்லை.

1984-ல் ஹிதேயோ இகேஎசுமி என்ற இசைத்தட்டுக் கடைக்காரர் பி.எஸ்.எஃப். என்று சொந்த லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம், தொடங்கினார். டோக்கியோவின் மெய்தாய்மே பகுதியில் இருந்தது அவர் கடை. யாரும் தொடாத இசையைக் கடைக்காரரே வெளியிட்டார். 1995-ல் கவபாதா மகோதோவின் ஆசிட் மதர்ஸ் டெம்பிள் என்ற குழு வந்தது. அவர்கள் வெளியிட்ட ஆல்பங்களை எண்ண உட்கார்ந்தால் இன்றைய கூட்டம் அதிலேயே முடிந்துவிடும்.

ஆக முன்னோடிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களில் பலருக்கு வழி இரண்டுதான் இருந்தது. ஒன்று, கம்பெனி சொல்கிறபடி ஆட வேண்டும். இல்லையென்றால் நிலவறைக்குள் போய், தெரிந்த சிலருக்கு மட்டும் தெரிந்த பெயராக இருக்க வேண்டும். கிகாகாகு மோயோ செய்த வேலை என்னவென்றால், நிலவறை இசையை எடுத்துக்கொண்டு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைத் தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். என் பேச்சின் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

2013-ல் வந்த முதல் ஆல்பம் இசைத்தட்டாக வெளியானது கிரேக்க நாட்டுச் சிறு லேபிள் ஒன்றில். அடுத்தது அமெரிக்காவில் புரூக்ளின் லேபிளில். உள்ளூரில் டிக்கெட் விற்க நண்பர்களைத் தேட வேண்டிய குழுவுக்கு, ஏதென்ஸிலும் நியூயார்க்கிலும் கேட்க ஆள் இருந்தது. சரி, கேட்கிறவர் வெளியே இருக்கிறார், நாமே அவரிடம் நேரே போவோம் என்று கோவும் தோமோவும் 2014-ல் குருகுரு பிரெய்ன் என்ற லேபிளைத் தொடங்கினார்கள். தங்கள் தட்டுகளுக்காக மட்டும் தொடங்கியிருந்தால் நான் இவ்வளவு பேச மாட்டேன். மினாமி டாய்ட்ச் போன்ற டோக்கியோ குழுக்கள், தைவானின் ஸ்கேட்டர்ட் பர்கேட்டரி, இந்தோனேசியாவின் ராமாயணா சோல், தாய்லாந்தின் கானா பியர்பூட் என்று ஆசியக் குழுக்களைத் தேடித் தேடி வெளியிட்டார்கள். ஆசிய ராக்கை ஐரோப்பியர் 'கண்டுபிடித்து' வெளியிடுவதுதான் அதுவரை பெரும்பாலும் நடந்தது. இங்கே ஆசியாக்காரரே ஆசியாக்காரரைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

பிறகு இருவரும் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்து லேபிளையும் அங்கே கொண்டுபோனார்கள். இசை விழாக்களும் வாங்குகிறவர்களும் அந்தப் பக்கம் என்றால் அலுவலகம் மட்டும் டோக்கியோவில் எதற்கு? ஆனால் மற்ற மூவர் ஜப்பானிலேயே இருந்தார்கள். ஒரு குழு இரண்டு கண்டங்களில். இதன் விலை என்ன, பலன் என்ன என்பதை 2018-ல் வந்த 'மசானா டெம்பிள்ஸ்' ஆல்பத்தில் கேட்கலாம். லிஸ்பனில் புரூனோ பெர்னாடாஸ் என்ற ஜாஸ் கலைஞரைத் தயாரிப்பாளராக வைத்துப் பதிவு செய்தார்கள். தங்களைப் போலவே வாசிக்கிற ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வேறு காதுள்ள ஆள் வேண்டும் என்று போனார்கள். 'டிரிப்பிங் சன்' என்ற பாட்டு எட்டு நிமிடத்தில் ஆட்டம் போட வைத்து, தூங்க வைத்து, மறுபடி உலுக்கி எழுப்புகிறது. நீளமான, பல திருப்பங்கள் கொண்ட பாட்டுகளின் புரோகிரசிவ் ராக் என்றால் கணக்குப் பரீட்சை மாதிரித் தாளத்தைச் சிக்கலாக்குவது என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். ஒரு பாட்டுக்குள் நாலு ஊர் போய்வருவதும் புரோகிரசிவ்தான்.

பாட்டு வரிகள் பற்றி ஒரு வார்த்தை. 1970 வாக்கில் ஜப்பானில் பெரிய சண்டையே நடந்தது. ராக்கை ஜப்பானிய மொழியில் பாட முடியுமா, ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா என்று பத்திரிகைகளில் இரு அணியாக வாதாடினார்கள். ஹாப்பி எண்ட் என்ற குழு ஜப்பானிய மொழியில் பாடிக் காட்டியது. கிகாகாகு மோயோவோ பல பாட்டுகளில் எந்த மொழியிலும் பாடுவதில்லை! அர்த்தமில்லாத ஓசைகள்தான். குரலும் ஒரு வாத்தியம் என்கிறார்கள். ஆலாபனை கேட்டுப் பழகிய நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு சின்னக் குறை மட்டும் உண்டு. ஆரம்ப ஆல்பங்களில் குரல் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வருவது போல எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி மிதக்கும். சில இடங்களில் கொஞ்சம் முன்னால் வந்து நின்றிருக்கலாம்.

அப்புறம் முடிவுக்கு வருவோம். 2022 ஜனவரியில், அந்த ஆண்டுப் பயணத்தோடு காலவரையின்றி நிறுத்திக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள். சண்டை இல்லை, வழக்கு இல்லை, கூட்டம் குறையவும் இல்லை. எடுத்த காரியம் முடிந்தது, உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்துகிறோம் என்றார்கள். கடைசி ஆல்பமான 'குமோயோ ஐலண்ட்' பதிவானது டோக்கியோ அசாகுசாபாஷியிலுள்ள சுபாமே ஸ்டுடியோவில். ஆரம்ப காலத்தில் அவர்கள் பதிவு செய்த இடமும் அதுதான். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டில் ஜப்பானிய நாட்டுப்பாடலான மின்யோவின் மெட்டுச் சாயல் இருக்கிறது. பத்து வருடம் உலகம் சுற்றியவர்கள் அங்கே வந்து நிற்கிறார்கள்.

கேட்கும் கூட்டம் இருக்கும்போதே நிறுத்துவது யாருக்கு முடியும்? கம்பெனியோடு இன்னும் மூன்று ஆல்பத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் முடியாது. முன்பணக் கடன் இருந்தால் முடியாது. பதிவுகள் வேறொருவர் கையில் இருந்தால், நீங்கள் நிறுத்தினாலும் அவர்கள் நிறுத்த மாட்டார்கள். இவர்களுக்கு முடிந்ததற்கு, கடைசி ஆல்பங்கள் சொந்த லேபிளில் இருந்தது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். சுதந்திர இசை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பாதி, நீங்களே உங்கள் கடையின் ஷட்டரை இறக்கலாம் என்பது. குழு நின்றது, லேபிள் நிற்கவில்லை. ஆசியக் குழுக்களை வெளியிடும் வேலை தொடர்கிறது.

பேச்சு போதும், இப்போது ஒரு பாட்டு போடப் போகிறோம். 2016-ல் வந்த 'ஹவுஸ் இன் தி டால் கிராஸ்' ஆல்பத்திலிருந்து 'சில்வர் அவுல்', சுமார் பத்து நிமிடம். முதல் பாதி ரொம்ப மெதுவாக இருக்கும். சத்தம் போதவில்லை, கூட்டுங்கள் என்று பின்வரிசையிலிருந்து யாரும் கேட்க வேண்டாம். பாதிக்கு மேல் நீங்களே குறைக்கச் சொல்வீர்கள்.